பார் இல்லாத பிரேம்

"எறங்கும்மா, எறங்கு! ஒடச்சிடப் போற!" என்று மோசஸ் கத்தியும் அஞ்சம்மாள் இறங்கவில்லை. இரண்டு செங்கல்லின் மேல் கிடத்தியிருந்த சைக்கிள் பிரேமின் மீது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு காலாலும் ஏறி நின்றிருந்தாள். உடம்பை ஒருமுறை தூக்கிப் போட்டாள். பிரேம் முனகியது. வளையவில்லை.

"ஒடையிறதா இருந்தா இங்கியே ஒடையட்டும் அண்ணே. ரோட்டுல ஒடஞ்சா மீனை யார் பொறுக்குறது?"

பொன்னேரி பஜாரில் இருந்த அந்தக் கடையில் அவளுக்காக மூன்று பிரேம்களை இறக்கி வைத்திருந்தார் மோசஸ். ஒன்று கறுப்பில் புத்தம் புதிய டபுள் பார்; சீட்டிலிருந்து ஹேண்டில் வரை குறுக்கே இரண்டு பைப். மூட்டை தூக்குகிறவர்கள் வாங்குவது. இன்னொன்று பச்சை நிற லேடீஸ் பிரேம். பார்க்க அழகு, ஆனால் கையால் தூக்கியபோதே அஞ்சம்மாள் அதை ஒதுக்கிவிட்டாள். மூன்றாவதுதான் இப்போது அவள் காலடியில் கிடந்தது. மீஞ்சூரில் ஒரு நர்ஸம்மா பத்து வருஷம் ஓட்டிய சீமைச் சரக்கு. குறுக்கே பார் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு பைப்புகள் சரிந்து இறங்கின. பெயிண்ட் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது.

"இது நர்ஸம்மா மருந்துப் பையி வெச்சிகினு போன வண்டிம்மா. நீ ஒன்றரை மணு, ஒரு ஆளு எடைக்கு மீன் ஏத்துற. டபுள் பார்தான் உனக்கு லாயக்கு. அப்பாவுகூட அதைத்தானே கேட்டு உட்டிருக்கான்?"

ஆமாம், அப்பாவு அதைத்தான் கேட்டிருந்தான்.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஸ்டேஷனுக்கு மீன் கொண்டுவருவது பன்னிரண்டு வருஷமாக அப்பாவுவின் பிழைப்பு. ஐப்பசியில் வயிறு வீங்கிப் படுத்தான். அன்றிலிருந்து அவன் மனைவி அஞ்சம்மாள்தான் கூடையை எடுத்துக்கொண்டு வருகிறாள். புடவையோடு பாரைத் தாண்டிக் கால் போட முடியாது. திரும்பிப் போகும்போது வெறும் வண்டியில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுவாள். வரும்போது அதுவும் நடக்காது. பதினொரு மைலும் தள்ளிக்கொண்டே வரவேண்டும். ஐஸ் கரைந்து, மடவை மீனின் கண் வெளுத்து, பாதி நாள் ரயிலும் போயிருக்கும். அந்தப் பழைய பிரேமும் சீட்டுக்குக் கீழே மூன்றாம் தடவையாக விரிசல் விட்டுப்போய், கயிறு கட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"டபுள் பாரே எடு" என்று அன்று கிளம்பும்போது அப்பாவு சொல்லியிருந்தான். "மாசி பொறந்தா நான் எழுந்துடுவேன். நானும் ஓட்டணுமில்ல?"

"சரி மாமா" என்றாள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊட்லயே வெச்சிப் பார்த்துக்கம்மா" என்று சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பார் இருந்தால் அவன் எழுந்துவருவான் என்று அர்த்தம். இல்லாவிட்டால் அவன் வரமாட்டான் என்று அவளே முடிவு கட்டிவிட்டதாக அர்த்தம். கடைக்கு வந்ததிலிருந்து அந்தக் கறுப்பு பிரேமை இரண்டு தடவை கையில் எடுத்து, இரண்டு தடவையும் கீழே வைத்துவிட்டாள். அப்பாவுவிடம் டபுள் பார் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடலாம். மோசஸ் அண்ணனிடமும் அப்படியே சொல்லச் சொல்லிவிடலாம். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

அவள் பிரேமிலிருந்து இறங்கினாள். சீட் பைப்பும் சரிவுப் பைப்பும் சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"விட்டா இங்கதான் விடும். இங்க ஒரு பைப்பு குறுக்க வெச்சிப் பத்த வெச்சிடு. பின்னாடி கேரியருக்கு ரெண்டு கம்பி தடிப்பா போடு. சக்கரம், செயினு எல்லாம் பழைய வண்டிதே இருக்கட்டும்."

"அப்பாவு கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

அப்போதுதான் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு அவள் கொழுந்தன் சுப்பிரமணி உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது. வேட்டியெல்லாம் புழுதி. கடையைச் சுற்றிப் பார்த்தானே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணி, அண்ணன் போயிடுச்சு."

மோசஸ் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"எப்ப?" என்றாள் அஞ்சம்மாள்.

"எட்டு மணி இருக்கும். ரெண்டு வாய் கஞ்சி குட்சிது. பொண்ணு செல்வி பக்கத்துலயே இருந்தா."

எட்டு மணிக்கு அவள் ஸ்டேஷனில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். இப்போது பதினொன்று ஆகப்போகிறது. அவ்வளவு நேரமும் இல்லாத ஒருத்தனிடம் சொல்லத்தான் அவள் பொய் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"அண்ணே, இத வேற யாருக்கும் குடுத்துடாத. பதினாறு முடிச்சிட்டு வரேன்."

சுப்பிரமணி சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு அவளோடு பஸ் ஏறினான். மேதூர் ஏரி, திருப்பாலைவனம், ஆண்டார்மடம் எல்லாம் ஜன்னலில் வந்து போயின. பஸ்ஸில் இந்த ரோடு இவ்வளவு சின்னதா என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. அவளைக் கண்டதும் பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பாவுவின் அக்கா கோவிந்தம்மா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்: "புருசன் சாவக் கெடக்கறான், நீ சைக்கிளு வாங்கப் போனியாடி?"

அஞ்சம்மாள் அப்பாவுவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் வாயோரத்தில் காய்ந்திருந்த கஞ்சியை ஈரத் துணியால் துடைத்தாள். மீசையிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதையும் துடைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின் வீட்டைக் கழுவிவிடும்போது, பத்து வயதுச் செல்வி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து நின்றாள்.

"நீ போனப்பறம் நைனா ஒண்ணு சொல்லிச்சும்மா."

"இன்னா?"

"'உங்கம்மா டபுள் பார் எடுத்துகினு வந்தா நல்லாத் திட்டு. புடவையோட அத்த எப்டி ஓட்டுவா? நான் சும்மாங்காட்டியும் சொன்னேன்'னு சொல்லிச்சு." செல்வி குடத்தை இறக்கினாள். "நீ எத்த எடுத்த?"

அஞ்சம்மாள் ஏற்கெனவே கழுவிய இடத்தையே மறுபடி துடைப்பத்தால் தள்ளினாள். பிறகு, "தண்ணிய ஊத்து" என்றாள்.

கருமாதி முடிந்த அன்று சொந்தக்காரர்கள் சாப்பிட்டு எழுந்ததும் சுப்பிரமணி வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, கூடைய இனிமே நான் எடுத்துகினு போறேன். வர்றத உன் கையில குடுத்துடறேன். நீ ஊட்ல இரு."

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அது அவளுக்கும் தெரியும்.

"உன் வலைய யார் இழுப்பா?"



"ஒரு வருசம்கூட ஆவாம நீ ரோட்டுல போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்களே" என்றாள் கோவிந்தம்மா.

"பேசட்டும் அக்கா. அந்த நாலு பேர்ல யாராவது செல்விக்குச் சோறு போட்டா நான் ஊட்லயே குந்திக்கிறேன்." எழுந்து இலைகளை வாரினாள். "நாளைக்கு பஸ்ஸுல போய் வண்டிய எடுத்துகினு வந்துடறேன்."

மறுநாள் மோசஸ் வண்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். அவள் சொன்ன இடத்தில் குறுக்குப் பைப்பு இருந்தது. உரிந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டுக் கறுப்பு அடித்திருந்தார். திரும்பும் வழியில் மேதூர் ஏரிக்கரையில் இரண்டு தடவை விழுந்தாள். திருப்பாலைவனம் தாண்டியபின் விழவில்லை.

அதற்கடுத்த நாள் ஒன்றரை மணு மடவையோடு கிளம்பினாள். சுப்பிரமணி கேரியரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவந்தான். "உடு, உடு" என்று அவள் கத்தினாள். விட்டான். வண்டி ஒருமுறை இடதுபக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, போய்விட்டது. ஆண்டார்மடத்து டீக்கடையில் நின்றிருந்த ஆண்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். யார் யார் என்று அவள் பார்க்கவில்லை. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது.

பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் இன்னும் வரவில்லை. எடை போடுகிறவர் தராசின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பாவு கூடை வந்துச்சா?" என்றார், பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில். கேட்டபிறகுதான் நிமிர்ந்தார். செத்தவன் பெயரைச் சொல்லிவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வந்துச்சு" என்றாள் அஞ்சம்மாள்.

வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். சாக்கை விலக்கினாள். மீனின் மேல் ஐஸ் இன்னும் கரையாமல் இருந்தது.