நூறடி தள்ளிப்போன நிறுத்தம்

எங்கள் சின்னக் கடை ஓகோவென்று நடந்ததற்கு என் கைப்பக்குவம்தான் காரணம் என்று பத்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் வாசலில் இருந்த பஸ் நிறுத்தம். அதைப் பிடுங்கி நூறடி தள்ளி, பாலத்துக்கு அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பஸ் வருவதற்குள் ஒரு டீ, பசித்தால் முட்டை வைத்த ரொட்டி. அவ்வளவுதான் எங்கள் வியாபாரம். ரொட்டிக்காரரிடம் தினம் அறுபது ரொட்டி வாங்கிய இடத்தில் இப்போது எட்டு. மீதி நேரமெல்லாம் ஈ ஓட்டுகிறோம். நிறுத்தம் திரும்பி வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

நிறுத்தம் இப்போது இருப்பது பாலத்தடி ஜூஸ் கடை வாசலில். மனைவிக்கு அந்தக் கடைக்காரர் மேல்தான் சந்தேகம். "அந்த ஆளு யாரையோ பிடிச்சு மாத்தியிருக்கான். நல்லா இருப்பானா அவன்?" என்று தினமும் வாழ்த்துவாள். நான் காதில் விழாதவன்போல அடுப்பைத் துடைப்பேன். அந்த அடுப்பு அவ்வளவு சுத்தமாக எப்போதும் இருந்ததில்லை.

நேற்று அவள் தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி, என்னையும் பஸ் அலுவலகத்துக்குக் கிளப்பினாள். வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன்.

"வலியோடயே வாங்க" என்றாள்.

எழுத்தர் கோப்பைப் புரட்டினார். "ஏம்மா, எடுக்கச் சொன்னதே உங்க கடைதானே?" என்று ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் வாய்விட்டு வாசித்தாள். "பேருந்துக்கு நிற்பவர்கள் எங்கள் கடையை மறைத்து நிற்பதால் வியாபாரம் கெடுகிறது..."

கீழே என் கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், ஒதுங்கி நின்ற கூட்டம் பெயர்ப்பலகையை மறைக்கிறது என்று கோபம் தலைக்கேறி எழுதியது. அத்தனையும் என் கொழுப்பு.

"திரும்ப மாத்த முடியாதா சார்?"

"அங்க புதுசா கூரையெல்லாம் போட்டாச்சும்மா. இனி அசைக்க முடியாது."

வழியெல்லாம் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். பாலத்தடியில் ஜூஸ் கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கடைக்கு வந்ததும் போனை என்னிடம் நீட்டினாள்.

"ரொட்டிக்காரருக்குப் பேசுங்க. நாளைக்கு எத்தனைன்னு கேப்பாரு. இனிமே வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க."