மீன் சீட்டில் மூன்று புள்ளி

லோர்னா வீட்டில் சீட்டைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும். நடுவில் எழுந்துபோய் லெமன் பார் என்கிற எலுமிச்சை இனிப்பு ஒன்றைத் தின்றால் மறுபடியும் கழுவ வேண்டும். டுலூத் ஊரில் எங்கள் தெருவில் அத்தனை விளையாட்டுப் பெட்டிகள் வேறு யார் வீட்டிலும் இல்லை என்பதால், இந்தக் கெடுபிடியைப் பொறுத்துக்கொண்டு சனிக்கிழமை இரண்டு மணிக்கு நாலு பேர் கூடிவிடுவார்கள்: லோர்னா, அவள் கணவர் ஓரின், பக்கத்து வீட்டு மார்லிஸ், ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் பிரிவில் வேலை செய்யும் வெண்டெல்.

அந்தச் சனிக்கிழமை லோர்னா பெட்டியைத் திறக்கவில்லை. ஒரே ஒரு சீட்டை மேசை நடுவில் வைத்தாள்.

“என்ன தெரியுது?”

“மீன்,” என்றார் ஓரின்.

“மூலையைப் பாரு.”

பொடிப்பொடியாக மூன்று பென்சில் புள்ளிகள். வைத்தது வெண்டெல்தான்.

மீன் பிடிக்கும் விளையாட்டு அது. சிவப்பு, பச்சை, பழுப்பு, நீலம் என்று நாலு நிற மீன்கள். ஒரே நிறத்தில் ஐந்து சேர்த்தால் வெற்றி. வரைந்த புண்ணியவான் நாலுக்கும் ஒரே உருவத்தைக் கொடுத்திருந்தான். வெண்டெலுக்கு நீலம் மட்டும் தெரியும். மற்ற மூன்றும் சேற்று நிறத்தின் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. ஆறு வருடமாக எந்த விளையாட்டானாலும் முதலில் வந்து நீலக் காயைப் பிடித்துக்கொள்வான். நீலப் பைத்தியம் என்று எல்லோரும் கேலி செய்வார்கள், அவனும் சிரித்துவைப்பான். இந்த மீன்களிடம் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை.

நவம்பரில் லோர்னாவும் ஓரினும் மகளைப் பார்க்க ஃபார்கோ போனார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற மார்லிஸிடம் ஒரு சாவி, பூனைக்குச் சோறு வைக்க வெண்டெலிடம் ஒரு சாவி. பூனை தின்று முடிப்பதற்குள் அவன் ஒவ்வொரு சீட்டாக பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, அதிலிருந்த எண்ணைப் பெட்டியில் அச்சிட்டிருந்த நிறப் பட்டியலோடு சரிபார்த்து, சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, பழுப்புக்கு மூன்று எனப் புள்ளி வைத்தான். அப்படியும் அவன் ஜெயித்ததில்லை. ஜெயித்தவள் மார்லிஸ், தொடர்ந்து ஐந்து வாரம்.

“நான் யார் பேரையும் சொல்லல,” என்றாள் லோர்னா, மார்லிஸைப் பார்த்துக்கொண்டே.

“சொல்லித்தான் பாரேன்.”

“அஞ்சு வாரம், மார்லிஸ்.”

“உன் புருஷன் பச்சை மீனை வெச்சுக்கிட்டு முழிக்கிறது அவர் மூஞ்சியிலயே எழுதியிருக்கு. அதுக்கு எனக்குப் புள்ளி வேற வேணுமா?”

“என் மூஞ்சிக்கு என்ன?” என்றார் ஓரின்.

“வீட்டுச் சாவி உன்கிட்டயும் இருந்துச்சு,” என்றாள் லோர்னா.

மார்லிஸ் எழுந்து கோட்டை எடுத்தாள். வெண்டெல் மேசைக்கு அடியில் விரல்களை நெரித்தான். சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பெயிண்ட் பிரிவில் பதினோரு வருடம். டப்பாவில் எண் இருக்கிறது, கலக்க இயந்திரம் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் வேலை முடிந்தது. “எது நல்லா இருக்கும்?” என்று கேட்கிறவர்கள்தான் அவனுக்கு எமன். போன வசந்தத்தில் லோர்னா அப்படித்தான் கேட்டாள், இதே அறைக்கு. திரைச்சீலைக்கு ஒத்துப்போகும் என்று அவன் ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டினான். அந்தச் சுவரைப் பற்றி லோர்னாவிடம் தெருவில் யாரும் பேசுவதில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் பேசாதவர்களும் இல்லை. விஷயம் கடை மேலாளர் காதுக்குப் போனால் பதினோரு வருடமும் போச்சு.

ஓரின் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “ஒண்ணு கேக்கறேன். ஏமாத்தறவன் சீட்டோட முதுகிலதானே குறி வைப்பான்? எதிராளி கையில என்னன்னு தெரிய. இதை வெச்சவன் படம் இருக்கற பக்கத்துல வெச்சிருக்கான். தன் கையில இருக்கறதையே தெரிஞ்சுக்க எவனுக்குக் குறி வேணும்?”

மார்லிஸ் ஒரு கையை மட்டும் கோட்டில் நுழைத்தபடி நின்றாள்.

“எனக்கு,” என்றான் வெண்டெல். “எனக்கு வேணும். சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. சின்ன வயசிலேர்ந்து. மார்லிஸ் ஒண்ணும் பண்ணல.”

“அடப்பாவி. என்னைப் போகவிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பே,” என்றாள் மார்லிஸ்.

அவன் லோர்னாவின் முகத்தையே பார்த்தான். அவள் பார்வை மெல்ல மெல்ல, சீட்டிலிருந்து அவன் பக்கம் வந்து, அவனைத் தாண்டி, சுவருக்குப் போனது.

“அப்போ இந்தச் சுவர்?”

மார்லிஸ் கோட்டைக் கழற்றி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இதைத் தவறவிட்டால் அவள் பக்கத்து வீட்டுக்காரி இல்லை.

“அது என்ன நிறம்?” என்று கேட்டான் வெண்டெல்.

“பட்டாணி சூப்,” என்றார் ஓரின். “எட்டு மாசமா சொல்லணும்னு இருந்தேன்.”

“எட்டு மாசமா?” லோர்னா கணவரைப் பார்த்த பார்வையில் வெண்டெலுக்கே அவர் மேல் இரக்கம் வந்தது. பிறகு அவள் இழுப்பறையைத் திறந்தாள். சாவியைத் திருப்பிக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தான். அவள் எடுத்தது பென்சில்.

“இவ்வளவு பொடியா வெச்சா உனக்கே தெரியுதா? பெருசா வை. நானே உறையைக் கழட்டித் தர்றேன், நீ கிழிச்சிடுவே.” உறையை உருவிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: “திங்கக்கிழமை கடைக்கு வருவேன். நிறத்தை மார்லிஸ் பார்ப்பா. நீ வாயைத் திறக்காம எண்ணைத் தட்டிக் கலந்து குடு.”

“மேலாளர்கிட்ட...”

“அவன்கிட்ட எனக்கென்ன பேச்சு?”

“நான் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி நீ என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், லோர்னா,” என்றாள் மார்லிஸ்.

“நீ ஒரு வாரம் தோத்துக் காட்டு, கேக்கறேன்,” என்றாள் லோர்னா.

வெண்டெல் பென்சிலை வாங்கினான். புள்ளி வைக்கும் சாக்கில் ஒருமுறை திரும்பிச் சுவரைப் பார்த்தான். திரைச்சீலைக்கு நன்றாகத்தான் ஒத்துப்போயிருந்தது.

“கை கழுவினியா?” என்றாள் லோர்னா.

அவன் எழுந்து போனான்.