பச்சைத் தலைக்கவசம் விழுந்த இடம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து இறங்கியது. அதாவது, அக்கா வந்தாள். ஒரு கையில் துணிப்பெட்டி, மறு கையில் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்கள்.

(அக்கா பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். முடியாத வேலையை வீட்டுக்கு எடுத்துவருவாள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை வேறெங்கோ போய்விடும்.)

"இனிமே அவரோட இருக்க முடியாதுடி."

"என்னக்கா ஆச்சு?"

"நான் செத்துட்டேன். அவர் விசில் அடிச்சாரு."

இதையே முதல் வரியாக வைத்திருந்தேன். பேய்க்கதை என்று நினைத்து நீங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்களோ என்று மாற்றிவிட்டேன்.

2

அத்தான் லிப்ட் பழுதுபார்ப்பவர். கல்யாணம் ஆனதிலிருந்து அவரும் அக்காவும் ஒரே வீடியோ கேமைத்தான் ஆடுகிறார்கள். அதில் இரண்டு வீரர்கள். சிவப்புத் தலைக்கவசம் அத்தான், பச்சை அக்கா. இருவரும் வாயைத் திறக்காமல் ரோபோக்களை உதைப்பார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் விழுந்தவர் எழுந்துவிடுவார். விட்டுவிட்டு ஓடினால், போனது போனதுதான். அத்தான் ஒருமுறைகூட ஓடியதில்லை.

[தாம்பத்தியம் என்பதும் ஒருவகையில்...

என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்த அக்கா, "இத எடுத்துடு, கல்யாண வாழ்த்துமடல் மாதிரி இருக்கு" என்றாள். எடுத்துவிட்டேன்.]

அந்த கேம் இப்போது படமாக வந்திருக்கிறது. இருவரும் தாங்களே செய்த தலைக்கவசங்களோடு முதல் காட்சிக்குப் போனார்கள். முதல் சண்டையிலேயே பச்சைத் தலைக்கவசம் பாலத்தில் சுருண்டு விழுந்து செத்துப்போனது. சிவப்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பைக்கை முறுக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டிவிட்டது. அரங்கம் அதிர்ந்தது. அத்தானும் விசில் அடித்தார்.

3

அத்தானை வில்லனாக்கிப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்தேன், குரலைக் கனமாக்கினேன். ஒன்றும் ஒட்டவில்லை. சாயங்காலம் கிரீஸ் படிந்த சட்டையோடு என் வாசலில் வந்து நின்ற மனிதர், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்றே குழம்பிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் விசில் அடிச்சாங்க. எனக்கும் வந்துடுச்சு" என்றார்.

"நான் கீழ கெடக்கேன், உங்களுக்கு விசில் வருது."

"அது நீ இல்லம்மா, ஒரு நடிகை. ஷூட்டிங் முடிஞ்சு வீட்டுக்குப் போயிருப்பாங்க."

"நானும்தான் போயிட்டேன். தங்கச்சி வீட்டுக்கு."

"டைரக்டர் அப்படி எடுத்தா நான் என்ன பண்ண முடியும்?"

"நின்னிருக்கலாம்."

"எங்க?"

"பக்கத்துல."

அக்கா கையிலிருந்த பல்செட்டை அரத்தால் தேய்க்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அத்தான் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

* கதாசிரியர் யார் பக்கமும் சாயக்கூடாது என்பார்கள். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் யாரும் இப்படிப் பல் தேய்த்திருக்கமாட்டார்கள். நான் அக்கா பக்கம்.

"சரி, கெளம்பு. படத்த இன்னொரு தடவ பாக்கலாம்" என்றார் அத்தான். என்னைப் பார்த்து, "நீயும் வா எழுத்தாளரே, சாட்சிக்கு."

4

அதே தியேட்டர், திரையில் அதே பாலம். பச்சைத் தலைக்கவசம் விழுந்தது. அத்தான் எழுந்தார். தன் சிவப்புத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நடந்துபோய், திரைக்கு முன்னால், அவள் விழுந்த இடத்துக்கு நேராக அசையாமல் நின்றார்.

பைக் அவர் சட்டைமேல் ஏறிப் போனது. இரண்டு ரோபோக்கள் அவர் முதுகில் அடித்துக்கொண்டன.

"யோவ், உக்காருய்யா!"

டார்ச் லைட்டோடு தியேட்டர் ஊழியர் ஓடிவந்தார். "என்ன சார் பிரச்சினை?"

"என் ஆளு விழுந்துட்டா. எழுந்ததும் போயிடுறேன்."

"அவங்க எழுந்திரிக்க மாட்டாங்க சார். நான் படத்த முழுசா பாத்துட்டேன்."

"அந்தச் சிவப்பு நிக்காம அவசரப்பட்டுப் போயிட்டான். அதான்."

பின்வரிசையில் யாரோ எழுந்து, "விடுங்கப்பா, அவர் சரியாத்தான் நிக்கிறாரு!" என்று கத்தினார். கேம் ஆடியவர்கள் அத்தனை பேரும் சட்டென்று அமைதியானார்கள். ஆடாதவர்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள். நடுவில் மாட்டிய ஊழியர் டார்ச்சை அணைத்துவிட்டு, "எவ்ளோ நேரம் ஆகும் சார்?" என்றார்.

"கேம்ல சீக்கிரம் ஆயிடும்."

ஊழியரும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். தியேட்டருக்கும் தூக்கிவந்திருந்த பற்களை என் கையில் திணித்து, "பிடி" என்றாள். மடியில் வைத்திருந்த தன் பச்சைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

5

முதலில் எழுதிய முடிவு: அவள் அவரைக் கட்டிக்கொண்டாள், அரங்கமே எழுந்து... இல்லை. அப்படி நடந்திருந்தால் நானே வெளியே போயிருப்பேன்.

இரண்டாவது முடிவு: திரைக்குப் பக்கத்தில்தான் வெளியேறும் கதவு. அவள் அவரைத் தாண்டிக் கதவுக்குப் போனாள். இலக்கியப் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அதுவும் நடக்கவில்லை.

நடந்தது இதுதான். அக்கா அவர் எதிரே போய் நின்றாள். அவர் தலைக்கவசத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் எதிரியின் கோட்டை வெடித்தது. எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். அழுதார் என்றும் சொல்லலாம், முகம் தெரியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தரையில உக்காரக்கூடாதும்மா" என்ற ஊழியரையும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மீதிப் படத்தை மூவரும் கழுத்து வலிக்க அங்கிருந்தே பார்த்தார்கள்.

அவள் சொன்னது என்ன?

அத்தானைக் கேட்டேன். "அவகிட்ட கேளு."

அக்காவைக் கேட்டேன். "எழுத மாட்டேன்னு சொல்லு, சொல்றேன்."

அந்த வாக்கை என்னால் கொடுக்க முடியவில்லை. ஆகவே, இந்தக் கதையில் முக்கியமான ஒரே வரி என்னிடம் இல்லை. நீங்கள்தான் எழுத வேண்டும். கெட்டியான தலைக்கவசத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் நீளமாக வேண்டாம். அழகாக எழுத முயலாதீர்கள், அக்கா எடுத்துவிடச் சொல்வாள். கோட்டை வெடிக்கிறது, அக்கா அவரை இழுத்துச் சொல்கிறாள்:

"..............................."