நல்லதென்றால் போன் வராது

நாகர்கோவில் லேப்பிலிருந்து கவர் வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை மதியம் ஒன்றேகால். செல்லக்கனி டிபன்பாக்ஸைத் திறந்து மரச்சீனிக் கிழங்கில் ஒரு வாய்தான் வைத்திருந்தாள். டாக்டர் கணபதியப்பன் கவரைப் பிரித்து வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் வாசித்தார். அவர் ஒரு காகிதத்தை இரண்டு தடவை வாசித்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? பதினோரு வருஷமாக அந்த முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கிளீட்டசுக்கு இன்னைக்கே போன் அடிச்சிரு. திங்கக்கெழம காலம்பற மொத ஆளா வந்துரணும். தள்ளிப் போட்டுராத, கேட்டியா" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடக் கிளம்பினார். செல்லக்கனி டிபன்பாக்ஸை மூடி வைத்தாள்.

கருங்கல் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு வராந்தா, இவ்வளவுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆரம்பித்தது. முந்நூறு குடும்பங்களுக்கு மட்டும் சீட்டு, அதற்கு மேல் மந்திரியே வந்தாலும் கிடையாது. வராந்தாவில் ஒரு பலகையில் தன் கையெழுத்திலேயே விதிகளை எழுதி மாட்டியிருந்தார். ஒரு நாளைக்கு இருபத்துநான்கு பேர். நோயாளி நேரில் வராமல் மருந்து எழுதித் தரமாட்டோம். பரிசோதனை முடிவை நோயாளியிடம் மட்டும், நேரில் மட்டும் சொல்வோம். கடைசி வரி: முடிவு நல்லபடியாக இருந்தால் போன் வராது. ஒன்றுமில்லை என்று கேட்பதற்காக, பாவப்பட்டவர்கள் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு பஸ் ஏறி வரவேண்டாமே என்றுதான் மனுஷன் அதை எழுதினார். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த போனை அடிக்கிறவளைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

முந்நூறு குடும்பத்துக்கும் அந்த நம்பர் மனப்பாடம். மணியடித்து எடுத்ததும் எதிர்ப்பக்கம் ஒரு மூச்சு நின்றுபோகும். அந்த இடைவெளியை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், 'நம்பர் தவறிப்போச்சுன்னு சொல்லிரும்மா' என்று கெஞ்சியிருக்கிறார். ஒரு தடவை குடையை மறந்துவிட்டுப் போனவரிடம் சொல்லலாமென்று அடித்தாள். அவள் குடை என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் கடைசி ஜெபத்துக்குப் பங்குச் சாமியாரைக் கூட்டிவர ஆளனுப்பிவிட்டார். டாக்டர் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள், வீட்டுக்குப் போய் அழுதாள்.

கிளீட்டசை அவளுக்குப் பிடிக்கும். நாற்பத்துநாலு வயது, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, ஆழ்கடல் போட்டில் தங்கலுக்குப் போகிறவன். போனால் நாற்பது நாள் கடலிலேயே கிடந்து மீன்பிடித்துவிட்டுத்தான் கரைக்கு வருவான். மூன்று மாதமாக அவன் குரல் கரகரத்துக் கிடந்தது. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, சதையில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார். எடுத்துவிட்டு வந்த அன்று செல்லக்கனியின் மேசையருகே நின்று அந்தக் கரகர குரலில் சொன்னான்:

"எக்கா, அடுத்த வாரம் எங்க ஊருல திருநாளு. பத்து வருசமா பேரு குடுத்து இந்த வருசந்தான் மாதாவுக்க சப்பரம் தூக்க சீட்டு விழுந்திருக்கு. எடையில போன கீன அடிச்சு என்னைய கொன்னுராதிய."

சப்பரம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. இன்றைக்கு சனி. செல்லக்கனி ரிசீவரை எடுத்து ஏழு எண்களை அழுத்திவிட்டு வைத்துவிட்டாள். டாக்டர் வரச் சொன்னதோ திங்கட்கிழமை. திங்கள் காலை ஏழு மணிக்கு அடித்தால் பத்து மணிக்கு வந்துவிடப் போகிறான். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தோளில் சப்பரத்தோடு சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன குடிமுழுகிவிடும்? அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. தன்னிடம் இரக்கம் இருக்கிறது என்றுகூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவள் ஊர் கருங்கல்லுக்குக் கிழக்கே. அங்கே அம்மன் கொடை முடிந்தால் மறுநாள் ஊரே பந்தலுக்குக் கீழே உருண்டு கிடக்கும், ஒருத்தன் மண்வெட்டியைத் தொடமாட்டான். திருவிழா என்றால் எங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். கடற்கரைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திருநாளுக்காகப் பத்து நாள் போட்டுகளைக் கட்டிப்போட்டிருப்பவர்கள், டீசலும் ஐஸும் முன்கூட்டியே ஏற்றி வைத்துவிட்டு, கொடி இறங்கிய ராத்திரியே, விடிய மூன்று மணிக்கெல்லாம் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து புறப்பட்டுவிடுவார்கள். இது அந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். செல்லக்கனிக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஏழரைக்கும் அதே, எட்டுக்கும் அதே. ஒன்பது மணிக்கு டாக்டர் வந்ததும் கேட்டார்: "கிளீட்டசு எங்கட்டி?"

"போன் போகல்ல சார்."

"சனிக்கெழம?"

"அன்னைக்கும் போகல்ல சார்."

அது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய். அவர் 'அடிச்சுக்கிட்டே இரி' என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவளும் அடித்துக்கொண்டே இருந்தாள், திங்களும் செவ்வாயும்.

புதன்கிழமை காலை கிளீட்டசின் மனைவி ஜின்சி வந்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு, மாதாமாதம் வருகிறவள். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி.

"எக்கா, திருநாளு முந்திரிக்கொத்து. ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

"அவரு எங்க?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"அவிய தங்கலுக்குப் பெய்ட்டாவல்லா, திங்கக்கெழம வெளுப்பாங்காலம். இனி நாப்பது நாளு கழிச்சுப் பாத்தா போரும்." ஜின்சி குரலைத் தாழ்த்தினாள். "போறதுக்கு முந்தி எத்தன மட்டம் போன எடுத்துப் பாத்தாவ தெரியுமா? ஒங்க நம்பரு வரல்ல. சனிக்கெழம வரைக்கும் வரல்லன்னா ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொன்னாராமே. சப்பரம் தூக்கிட்டு வந்து எனக்க மடியில தலைய வச்சுட்டு சின்ன பிள்ள மாதிரி சிரிச்சாவ எக்கா. ஒங்களுக்கு கோடி புண்ணியம்."

செல்லக்கனி தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். முடிவை நோயாளியிடம் மட்டும் சொல்வோம் என்று பலகை சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நிமிஷம் அவள் வாயைக் கட்டியது விதி இல்லை, கோழைத்தனம்தான். ஜின்சி டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, கையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். டாக்டரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுதிய விதிக்கு அவரே கட்டுப்பட்டவர்.

கடைசி நோயாளி போனதும் செல்லக்கனி உள்ளே போய் நின்றாள். கிளீட்டஸ் தங்கலுக்குப் போய்விட்டதையும், சனிக்கிழமை தான் அடிக்கவேயில்லை என்பதையும் சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். டாக்டர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"இப்பம் பிடிச்சா கதிரு வச்சே கட்டிய கரிச்சிரலாம், கொரலும் தங்கும். நாப்பது நாளு போச்சுன்னா தொண்டையில ஓட்ட போடணும். அதுக்கும் நேரம் இருக்குமோ என்னவோ" என்றார். பிறகு சத்தம் உயர்ந்தது. "ஒனக்கு எரக்கம்! ஒன் எரக்கத்துக்கு அவன் தொண்டையா கெடைச்சுது?"

அவள் அழுதாள். அவர் தேற்றவில்லை. வராந்தாப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போ. அவன் பெண்டாட்டிக்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லு. எப்படியாவது ஆள கரைக்கு வரவைக்கட்டும். திருவனந்தபுரம் கான்சர் ஆஸ்பத்திரிக்கு நான் எழுதித் தாறேன்."

மூன்று மணி பஸ்ஸில் ஏறிக் கடற்கரைக்குப் போனாள். மாதா கோயிலைச் சுற்றி அலங்கார விளக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கிளீட்டசின் வீட்டு முற்றத்தில் அவன் அம்மை பிலோமினாள் வெறும் மீன்பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியும் தினமும் தலைச்சுமையாகக் கருங்கல் சந்தைக்கு மீன் கொண்டுவருகிறவள், செல்லக்கனியே அவளிடம் எத்தனையோ நாள் பேரம் பேசியிருக்கிறாள். "வா மக்களே, என்ன இந்தப் பக்கம்?" என்று சிரித்தவள், முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். ஜின்சியும் வெளியே வந்தாள்.

செல்லக்கனி எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை ரிசீவரை வைத்ததையும் விடாமல் சொன்னாள். ஜின்சி அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள்; அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜின்சி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, "எனக்க மடியிலல்லா சிரிச்சாவ" என்று மட்டும் சொன்னாள், திரும்பத் திரும்ப. பிலோமினாள்தான் அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழும்பு. அஞ்சு மணிக்கு ஷிபுவுக்கு போட்டுலேந்து போன் வரும்."

போட்டின் முதலாளி ஷிபுவின் வீடு நாலு வீடு தள்ளி. போட்டிலிருக்கிற சாட்டிலைட் போனிலிருந்து தினமும் சாயங்காலம் அவனைக் கூப்பிடுவார்கள். இரண்டு மூன்று நிமிஷம், மீன் எவ்வளவு, காற்று எப்படி, அவ்வளவுதான் பேச்சு. ஷிபு விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"சொகமில்ல வான்னு சொன்னா அவன் வரமாட்டான் ஜின்சி. எனக்கு ஒண்ணும் இல்ல, கரைக்கு வந்து பாக்கேன்னு சொல்லுவான். பன்னெண்டு பேருக்க பொழப்பு, போட்டும் திரும்பாது. சாவுன்னா மட்டுந்தான், கரைக்கு வாற வேற போட்ட தேடிப் பிடிச்சு ஆள ஏத்தி விடுவினும்."

"உள்ளதச் சொல்லப்படாதா?" என்று செல்லக்கனி கேட்டாள்.

ஜின்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நடுக்கடல்ல வச்சா? சுத்தி வெள்ளம் மட்டுந்தான் கெடக்குது எக்கா. ராத்திரி தனியா போட்டுக்க முன்னால அணியத்துல இருக்கும்ப அவிய என்ன நினைப்பாவன்னு ஆருக்குத் தெரியும்?"

சாவு என்றுதான் சொல்லவேண்டும், சரி. யார் சாவு? ஜின்சியின் அப்பாவும் அம்மையும் போய் வருஷங்களாகிவிட்டன. கிளீட்டசுக்கு அண்ணன் தம்பி இல்லை. பிள்ளைகளின் பெயரை வாயில் எடுக்கவே முடியாது. ஷிபுவின் மேசைமேல் போன் மல்லாந்து கிடந்தது. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

"எனக்க பேரச் சொல்லு" என்றாள் பிலோமினாள்.

"மாமி…"

"சும்மா இரிட்டீ. நான் செத்துப் பெய்ட்டேன்னு சொல்லு ஷிபு. வேற எதுக்கு வரல்லன்னாலும் அம்மைக்க அடக்கத்துக்கு வராம இருக்கமாட்டான் எனக்க பிள்ள." சந்தையில் விலையை முடிக்கிற அதே குரல்.

ஐந்து மணி கழிந்து மூன்று நிமிஷத்தில் போன் அடித்தது. காதில் வைத்தால் கேட்காது என்று ஷிபு ஸ்பீக்கரில் போட்டான். இரைச்சலுக்குள்ளிருந்து டிரைவரின் குரல் மீன் கணக்குச் சொல்ல ஆரம்பித்தது. ஷிபு அதை நிறுத்தி, கிளீட்டசைக் கூப்பிடச் சொன்னான். காலடிச் சத்தம் கேட்டது, எஞ்சின் சத்தம் கேட்டது, பிறகு அந்தக் கரகரத்த குரல்.

"என்ன முதலாளி?"

"கிளீட்டசே…" ஷிபு கண்ணை மூடிக்கொண்டான். "அம்மை பெய்ட்டாவ மக்கா. இண்ணு மத்தியானம். எதுத்தால வாற போட்டுல ஏறி வந்துரு. நீ வந்துதான் எடுக்கணும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று ஷிபு குனிந்தான். அப்போதுதான் கிளீட்டஸ் அழுதான். அம்மையே என்று கூப்பிடப் பார்த்தான். பாதிச் சொல்லுக்கு மேல் அந்தத் தொண்டையில் சத்தம் ஏறவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி கூப்பிட்டான், மறுபடியும் காற்றுதான். செல்லக்கனி காதைப் பொத்த நினைத்தாள், கை எழும்பவில்லை. ஜின்சி, கதவோரம் வந்து நின்ற ஷிபுவின் மனைவியின் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"முதலாளி," என்றான் கிளீட்டஸ். "கடைசில அம்மை என்னைய கேட்டாவளா?"

ஷிபு தலைநிமிர்ந்து பிலோமினாளைப் பார்த்தான். மேசைக்கு இந்தப் பக்கம், போனுக்கு ஒரு முழத் தூரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்று தலையசைத்தாள். அசைத்துவிட்டு, முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.