அரைமயக்கம்

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்ட மயக்க மருந்து டாக்டரை அவசரப் பிரிவு நர்ஸ் ஓடிவந்து மறித்தாள்.

"போயிடாதீங்க டாக்டர். ஆக்சிடென்ட் கேஸ். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும்."

"எனக்கு டியூட்டி முடிஞ்சிருச்சு சிஸ்டர்."

"தெரியும். அடுத்து வர வேண்டியவரு காய்ச்சல்னு படுத்துட்டாரு. வேற ஆளே இல்ல."

டாக்டருக்குச் சலித்துக்கொள்ளவும் தெம்பு வேண்டுமே. முந்தின நாள் காலையில் வந்தவள். இடையில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியதைத் தூக்கம் என்று சேர்த்துக்கொண்டால்தான் உண்டு. இடுப்பு விட்டுப்போயிருந்தது. பையை நர்ஸின் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே முதல் ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஆள் கட்டடமே அதிரக் கத்திக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக்காம். பைக்கைப் பின்னாலிருந்து வேன் தட்டியதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பாதம் வேறு யாருடையதோ போலத் திரும்பிக் கிடந்தது. அவனைச் சுற்றித்தான் கூட்டம். அவனுடைய அண்ணன் நின்றுகொண்டு எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஸ்ட்ரெச்சர் சுவரோரமாக இருந்தது. அதில் அவன் மனைவி. தையல் கடைக்காரி, இன்ச் டேப் இன்னும் கழுத்திலேயே கிடந்தது. உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"எங்கம்மா வலிக்குது?" என்று டாக்டர் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அவரைப் பாருங்க. இந்த இடது தோள்தான் லேசா வலிக்குது."

தோளை அழுத்திப் பார்த்தாள், அங்கே வலியில்லை. மணிக்கட்டைத் தொட்டாள். நாடி ஓட்டமாய் ஓடியது. ஆனால் நூல் மாதிரி மெலிந்து கிடைத்தது. கை ஜில்லென்றிருந்தது. உதட்டில் நிறமே இல்லை. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால் சில சமயம் தோளில்தான் வலிக்கும். ஸ்கேன் கருவியை வைத்ததும் தெரிந்துவிட்டது: மண்ணீரல் கிழிந்து, வயிறு முழுக்க ரத்தம்.

"இவங்களைத் தியேட்டருக்குத் தள்ளுங்க. இப்பவே."

அண்ணன் குறுக்கே வந்தார். "என்ன டாக்டர் இது அநியாயம்? அவ நல்லாத்தானே பேசிட்டிருக்கா? என் தம்பி கத்துறது உங்க காதுல விழலையா?"

"விழுது சார். கத்துறதுக்கு அவருக்குத் தெம்பு இருக்கு. இவங்களுக்கு அதுகூட இல்ல."

தம்பிக்கு வலிக்கு ஊசி போடவும் காலை அட்டை வைத்துக் கட்டவும் சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரின் பின்னாலேயே ஓடினாள். அண்ணன் முணுமுணுத்தது முதுகில் விழுந்தது. திரும்பிப் பார்க்க நேரமில்லை.

தியேட்டரில் சர்ஜன் தயாராக நின்றார். அவர் ரகசியம் பேசினால்கூடப் பக்கத்து வார்டுக்குக் கேட்கும். நர்ஸுகள் அவருக்கு 'இடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவர் முழங்க, டாக்டர் ஊசியில் மருந்தை அளந்துகொண்டிருந்தாள். ரத்தம் இவ்வளவு வடிந்துபோன உடம்புக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் தூங்கவைப்பதோடு இதயத்தையும் சேர்த்து நிறுத்திவிடும். குறைத்தால் நினைவு முழுதாகப் போகாது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய வரப்பு. அதில்தான் நடந்தாக வேண்டும்.

"மதியம் சாப்டீங்களாம்மா?"

"இப்பத்தான் சாப்டோம். அவரு... அவரு கால் போயிடுமா?"

"போகாது. கண்ணை மூடுங்க."

வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடாதபடி நர்ஸ் தொண்டையை அழுத்திப் பிடித்தாள். மயக்கத்துக்குக் கெட்டமின் கொஞ்சம், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து, உடனே குழாய். முதல் முயற்சியிலேயே இறங்கியது. மூச்சை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

வயிற்றைத் திறந்ததும் அதுவரை அடைபட்டிருந்த ரத்தம் பொங்கிக்கொண்டு வந்தது. திரையில் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது.

"போச்சு, போச்சு!" என்று இடி முழங்கினார்.

டாக்டர் மயக்க வாயுவை அநேகமாக மூடியேவிட்டாள். வேறு வழியில்லை. இரண்டு கைகளிலும் ரத்தப் பைகளைப் பிழிந்து ஏற்றிக்கொண்டிருந்தவளுக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பெண் இப்போது விழித்திருக்கலாம். கையைக் காலை அசைக்க முடியாமல், கண்ணைத் திறக்க முடியாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

குனிந்து அவள் காதருகே போனாள். "அம்மா, ஆபரேஷன் நடக்குது. அசைய முடியாது, அது மருந்தால. பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார். நான் பக்கத்துலயேதான் இருக்கேன்."

"யாரோட பேசுறீங்க?" என்றார் இடி.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க சார்."

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நாக்கு வறண்டது. எதைச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை என்பதே குழம்பிப்போய், வாய் தன்பாட்டுக்கு எதையோ பேசிக்கொண்டிருந்தது. மண்ணீரலை அறுத்து எடுத்து ரத்தக்குழாயைக் கட்டினார் இடி. அழுத்தம் நொண்டி நொண்டி மேலேறியது. வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தன் முதுகை நிமிர்த்தினாள்.

மூன்றாம் நாள், குழாயை எடுத்து அந்தப் பெண் சாதாரண வார்டுக்கு வந்த பிறகு டாக்டர் பார்க்கப் போனாள். போகாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. தெரியாமலே இருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனாலும் கால் அங்கேதான் போயிற்று.

"தூங்குறதுக்கு முன்னாடி கடைசியா என்ன ஞாபகம் இருக்கு?"

"அவரு கால் போகாதுன்னு சொன்னீங்க."

"முழிச்சப்புறம்?"

"மூக்குல ஆக்சிஜன். நர்ஸ் முகம்."

"நடுவுல ஏதாவது...?"

பெண் போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "ஒரு ஆம்பளை போச்சு போச்சுன்னு கத்தினாரு. என் வீட்டுக்காரருதான் போயிட்டாருன்னு நினைச்சேன். அழணும்னு பார்த்தா அழவும் முடியல. வலி இல்ல. வயித்துல யாரோ துணி மூட்டையைக் கலைக்கிற மாதிரி இருந்துச்சு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மருந்து குறைவாகத்தான் கொடுத்தேன், அதிகம் கொடுத்திருந்தால் நீங்கள் மேசையிலேயே போயிருப்பீர்கள் என்றாள். "ஆனா நீங்க பட்டது பட்டதுதான். என்னை மன்னிச்சிடுங்க."

"நீங்களா அந்த ரெண்டாவது குரல்? அப்பப்பா, ஓயாம பேசினீங்க. கொஞ்சம் சும்மா இருங்கன்னு சொல்லணும் போல இருந்துச்சு." லேசாகச் சிரித்தவள் தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுல, 'எனக்கும் முடியலம்மா, நீங்களும் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க'ன்னீங்க. யாருக்கு யாரு ஆறுதல் சொல்றதுன்னு இருந்துச்சு."

அப்படிச் சொன்னதாக டாக்டருக்கு நினைவே இல்லை. முகம் சூடாயிற்று.

"அவரு உயிரோட இருக்காருன்னு நீங்க சொன்னதை நான் நம்பவே இல்ல. அவரோட அண்ணன் போன்ல பேச வெச்ச பிறகுதான் நம்பினேன்." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "இப்ப கண்ணை மூடவே பயமா இருக்கு டாக்டர். மூடினா திறக்க வராதோன்னு."

"மனநல டாக்டரை வரச் சொல்றேன். இது பேசப் பேசத்தான் குறையும். இப்ப மூடிப் பாருங்க, நான் உட்கார்ந்திருக்கேன்."

பெண் கண்ணை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். ஜன்னல் வழியாக வெயில் கட்டில் காலில் விழுந்துகொண்டிருந்தது.

யாரோ தோளைத் தொட்டதும் டாக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நர்ஸ். "வீக்கம் வடிஞ்சிருச்சுன்னு அந்தக் கால் கேஸைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தாச்சு டாக்டர்." கட்டிலில் பெண் முழித்துக்கொண்டு இவளையே பார்த்தபடி இருந்தாள்.

"நான் தூங்கிட்டேனா?"

"குறட்டையே விட்டீங்க. எழுப்ப மனசு வரல." பிறகு, "அவருக்காவது முழுசா மயக்கம் குடுங்க," என்றாள்.

"அவருக்கு இடுப்புக்குக் கீழ மட்டும்தான் மரத்துப்போகும். முழிச்சுக்கிட்டுதான் இருப்பார்."

"அய்யய்யோ. அப்ப பேசியே உங்களைக் கொன்னுடுவாரு."

தியேட்டரில் அவள் சொன்னது அப்படியே நடந்தது. முதுகில் ஊசி போட்டு முடிப்பதற்குள் மெக்கானிக் வேன்காரனைப் பற்றி, பைக்கைப் பற்றி, தான் கத்தியதற்கு வெட்கப்பட்டதைப் பற்றியெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டான். அண்ணன் பேசியதற்காக மன்னிப்பும் கேட்டான். டாக்டர் "ம்" கொட்டிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ தூங்கினாளா டாக்டர்? கண்ணையே மூட மாட்டேங்குறான்னு அண்ணன் சொன்னாரு."

"இன்னும் இல்ல," என்றாள். "கொஞ்ச நாளாகும். கால் ஆறுற மாதிரிதான்."

அவன் தலைக்கு மேலிருந்த விளக்கையே பார்த்தான். பிறகு வேன்காரனிடமிருந்து மறுபடி ஆரம்பித்தான்.