வெள்ளைக்காரச் சாமியின் குரல்

நசீறா அந்த இணையப் பக்கத்தை மூன்று தரம் சரிபார்த்துவிட்டாள். எழுத்துகள் முத்துக் கோத்தாற்போல் இருந்தன. ஆனாலும் மனம் ஆறவில்லை. போர்நிறுத்தம் வந்த பிறகு புத்தளத்திலிருந்து மன்னாரிலுள்ள சொந்த ஊரான தாராபுரத்துக்குத் திரும்பிய குடும்பம் அவளுடையது. மன்னார் வலுவிழந்தோர் சங்கத்தில் மாலைக் கணினி வகுப்புக்கு வந்த அவளிடம்தான், அங்கே படிப்பிக்கும் தோமஸ் சேர் சங்கத்தின் பக்கத்தைச் செய்யக் கொடுத்திருந்தார்.

அந்தப் பக்கத்தின் உயிர்நாடி ஒரு விண்ணப்பம். பார்வையற்றவர்களுக்கு ரெலிபோன் ஒப்பரேற்றர் பயிற்சி, கொழும்பில் நடக்கும். விண்ணப்பிப்பவர் பிறர் உதவியின்றித் தானே கணினியில் நிரப்ப வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு கிழமையாக ரெலிபோன் லைன் செத்துக் கிடந்து, விண்ணப்பிக்கக் கடைசி நாளன்றுதான் உயிர் பெற்றது.

விண்ணப்பிப்பதற்காகத் தலைமன்னாரிலிருந்து பஸ்ஸில் வந்த வலன்ரைன் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தான். மிதிவெடியில் கண்களை இழந்தவன். திரையில் உள்ளதை ஆங்கிலக் குரலில் வாசிக்கும் மென்பொருள் ஒன்று அந்தக் கணினியில் இருந்தது. அவன் விசையைத் தட்டினான்.

"என், ஜி, ஏ, யூ, செமிகோலன்," என்றது பெட்டி.

"தங்கச்சி, உம்மட பக்கம் என்ன பாஷை கதைக்குது?"

நசீறா திரையை எட்டிப் பார்த்தாள். அந்த இடத்தில் அவள் அடித்திருந்தது 'பெயர்' என்ற சொல். கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடிக்கிற அதே எழுத்துருவில்தான் அடித்திருந்தாள். அதில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். உள்ளே கிடப்பது வெறும் ஆங்கில விசைகள். தமிழ் என்ற மேற்சட்டையைக் கண் பார்க்கும். பெட்டி எப்படிப் பார்க்கும்? மூன்று தரமும் அவள் கண்ணால்தானே சரிபார்த்தாள்.

"பறவாயில்லை. நான் வாசிச்சுவிடுறன், நீர் சொல்லும். ஆர் பாக்கப் போகினம்?" என்றார் தோமஸ் சேர்.

"கொழும்பில கொண்டுபோய் இருத்தினால், அங்கயும் நீங்களே வந்து வாசிப்பீங்கள், சேர்?" என்றான் வலன்ரைன். "தனிய நிரப்பினனான் எண்டு பொய்க்குக் கையெழுத்து வைக்க ஏலாது. ஏலாட்டி விடுவம்."

விடுவம் என்று அவன் லேசாகச் சொன்னாலும், கைகள் விசைப்பலகையை விட்டு எழவில்லை. நசீறா அதைக் கவனித்தாள்.

"அண்ணன், உங்களுக்கு வாற ஈமெயிலை எப்பிடி வாசிக்கிறனீங்கள்?"

"கனடாவில இருந்து மச்சான் இங்கிலீசு எழுத்தில தமிழ் எழுதுவான். பெட்டி அதை கோயில்ல வெள்ளைக்காரச் சாமி தமிழில பிரசங்கம் வைக்கிறமாதிரி வாசிக்கும். சிரிப்பு வரும், ஆனால் விளங்கும்."

"அப்ப அந்தச் சாமியையே கூப்பிடுவம். கொஞ்சம் இருங்கோ."

அவள் ஒவ்வொரு கேள்வியின் கீழும், அனுப்பியதும் வரும் பதிலின் கீழும் அதே தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள். எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டம் என்பதைப் பெட்டிக்கு விளங்கும்படி முடிச்சுப் போட்டாள். அனுப்பும் பொத்தானுக்கு ஆசையாக ஒரு புறாப் படம் வைத்திருந்தாள். படத்துக்குப் பெயரே இல்லை. அதற்கும் ஆங்கில எழுத்தில் 'அனுப்பவும்' என்று பெயர் வைத்தாள். ஒரு பிழை விட்டவள் இன்னொன்றும் விட்டிருப்பாளோ என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

வலன்ரைன் மறுபடி தட்டினான்.

"பேயார்," என்றது பெட்டி.

தோமஸ் சேர் வாயைப் பொத்திக்கொண்டார். வலன்ரைன் சிரித்தபடியே பெயரை அடித்தான். அடுத்து விலாசம், அடுத்து படிப்பு. ஓரிடத்தில் தடுமாறி நின்றான். நசீறாவின் கை தானாக முன்னால் போகப் பார்த்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் அமர்ந்துகொண்டாள். அவன் ஒருதரம் பின்னே போய்க் கேட்டு, திருத்தி, மேலே போனான். புறாவிடம் வந்ததும் பெட்டி 'அனுப்பவும்' என்பதைக் கடித்துத் துப்பியது. அவன் அழுத்தினான்.

லைன் இழுத்து இழுத்து வேலை செய்தது. பிறகு, சாமி வாய் திறந்தார்:

"உங்கால் வின்னாப்பம் கிடைத்தாது."

"கேட்டியளோ, சேர்? கிடைச்சிட்டுது எண்டு சாமியே சொல்லிப்போட்டார்," என்று வலன்ரைன் கதிரையில் சாய்ந்தான். "தங்கச்சி, மூச்சை விடும். நீர் பிடிச்சு வைச்சிருக்கிறது எனக்கு இங்க கேக்குது."

அவள் விட்டாள். வலன்ரைன் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு, அவள் பக்கத்தை நாலாம் தரம் திறந்தாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, கடைசிவரை கேட்டாள்.