வெந்நீர்த் தொட்டியில் யாருடைய எண்ணெய்

...பூசு மஞ்சளாக இருக்க முடியாது, மஞ்சள் என்றால் மடிப்பின் ஓரத்தில் கறை நின்றிருக்கும், இது நிறமே இல்லாமல் வழவழவென்று உட்கார்ந்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக மெழுகு போல வருகிறது, எண்ணெய்தான், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் யாருடைய எண்ணெய்? தை மாதத்து வெயில் முதுகில் இதமாக விழுகிறது, பிசியோதெரபி சென்டரின் பின்பக்கக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெந்நீர்த் தொட்டியின் ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், ஒருவேளை கடைசித் தடவையாக. பக்கத்தில் அட்டைப்பெட்டிக்குள் புது மாப்பிள்ளை இருக்கிறார், யூஸ் அண்ட் த்ரோ ஃபில்டர், மாதம் பிறந்தால் ஒன்றை மாட்டி மாதம் முடிந்தால் கழற்றித் தூக்கிப் போட வேண்டியது. "பாக்கியக்கா, நீங்கதான் தெனமும் பாக்கறீங்க, பழசா புதுசா, மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க, அதத்தான் வாங்கப் போறேன்" என்று டேனியல் சார் காலையில் சொல்லிவிட்டுப் போனார். இங்கே பிசியோதெரபிஸ்டும் அவர்தான், மேனேஜரும் அவர்தான். ஒன்பதாவதோடு நின்றவளிடம் இஞ்சினியர் கேள்வி. கேட்டதும் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இந்தத் தொட்டி இங்கே வந்ததே ஒரு வேடிக்கை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி முதலாளி, ஷூ வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்கள் வந்தால் உட்காரட்டும் என்று பங்களா மொட்டைமாடியில் வாங்கி வைத்தது, ஹாட் டப் என்று பெயர், பையர்கள் வந்தார்கள், தோலைத் தடவிப் பார்த்தார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், ஒருவரும் அதில் இறங்கவில்லை, நாலு வருஷம் காக்காய் குளித்த பிறகு லாரியில் ஏற்றி வேலூருக்கு எங்கள் சென்டருக்குத் தானமாக அனுப்பிவிட்டார். இப்போது ஒரு நாளைக்கு ஆறு பேர், முட்டி ஆபரேஷன், இடுப்பு வலி, பக்கவாதம், ஒவ்வொருவரையும் நான் கையைப் பிடித்து இறக்குவேன், டேனியல் சார் காலை நீட்டச் சொல்வார், மடக்கச் சொல்வார். எல்லோருக்கும் ஒரே தண்ணீர்தான், சுற்றிச் சுற்றி வருகிறது, அந்தத் தண்ணீரைத் தண்ணீராக வைத்திருப்பது முழங்கை நீளத்துக்கு இருக்கும் இந்த உருளை. சேலைக் கொசுவம் மாதிரி சுற்றிலும் மடிப்பு, நூற்று இருபத்தாறு மடிப்பு, எண்ணியிருக்கிறேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. கழற்றி, குழாயில் பீய்ச்சி, மருந்துத் தண்ணீரில் ராத்திரி பூராவும் ஊறப்போட்டு, மறுபடி அலசி, வெயிலில் காயவைத்து மாட்டினால் திரும்பவும் உழைக்கும், இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு வருஷம் கூட வரும்.

புதியது அப்படி இல்லை. பெட்டியின் மேல் தண்ணீர்க் குழாய் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருக்கிறது, கழுவக் கூடாது என்று அர்த்தம். ஏன் கழுவக் கூடாது, கழுவினால் என்ன ஆகும், கிழிந்துவிடுமா, இல்லை கழுவினால் நன்றாகவே இருந்துவிடும் என்ற பயமா? விற்க வந்த நயீம் அகமதிடம் கேட்டேன். "இன்னாக்கா நீங்க, கழுவுற பேஜாரே கூடாதுன்னுதானே இத கொண்டாந்துருக்கேன், மாசமானா தூக்கிப் போட்டுட்டுப் போய்ட்டே இருங்க" என்றார். தூக்கிப் போடுவது சரி, எங்கே? நம் குப்பை நம் ஊரைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. சரி, கழுவுவது மட்டும் யோக்கியமா, இதோ என் காலடியில் ஓடுகிற இந்த வெள்ளைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது, சாக்கடை எங்கே போகிறது, பாலாற்றங்கரையில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். ஃபில்டர் அழுக்கைப் பிடித்துத்தான் வைக்கும், அழிக்காது. பிறகு யாராவது அதைக் கொண்டுபோய் எங்கேயாவது விட வேண்டும்... இதையெல்லாம் டேனியல் சாரிடம் சொன்னால் சிரிப்பார், அக்கா, எது ஜாஸ்தி நாள் தண்ணிய சுத்தமா வைக்கும், அத மட்டும் சொல்லுங்க என்பார்.

அதுதானே சங்கதி, தண்ணீர் சுத்தமாக நிற்கவில்லை. முன்பெல்லாம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கழுவினால் போதும், ரெண்டு மாதமாக நாலே நாளில் கலங்குகிறது, மேலே நுரை கட்டுகிறது, நானும் வாரத்துக்கு ரெண்டு தடவை கழுவிப் பார்த்தாயிற்று. வியாழக்கிழமை டேனியல் சார் தொட்டி ஓரத்தில் நின்று, கழுவறதுல ஏதாச்சும் கொறை இருக்குமோ என்று மெதுவாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கழுவுவதில் குறையா, என் கழுவலிலா? வாய் முந்திக்கொண்டது. "சார், அந்தக் கணியம்பாடி ஐயா எண்ண பூசினு வர்றாரு, அதான்" என்று சொல்லிவிட்டேன். பார்த்தேனா? பார்க்கவில்லை. சுந்தரமூர்த்தி ஐயா வந்த முதல் வாரத்தில் அவர் மனைவி, தினம் சாயங்காலம் தைலம் தேய்த்து வெந்நீர் ஊற்றுகிறோம் என்று சொன்னது ஞாபகம் இருந்தது, தொட்டிக்கு வரும் நாளில் எண்ணெய் கூடாதம்மா என்று நான் சொன்னதும் அந்த அம்மாள் தலையாட்டியதும் ஞாபகம் இருந்தது, ஆனால் வாய்க்கு முதல் பாதி மட்டும் போதுமாக இருந்தது. டேனியல் சார் அவரைப் பத்து நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தண்ணி கெடுது ஐயா, மத்தவங்களும் எறங்கணும் இல்ல.

பத்து நாள். நிலக்கடலை போட்ட கொல்லையிலேயே பக்கவாதம் வந்து விழுந்தவர், இடப்பக்கம் பூராவும் மரத்துப்போய் வந்தார், தரையில் நிற்க முடியாது, தண்ணீருக்குள் மட்டும் நிற்பார். போன செவ்வாய்க்கிழமைதான் கம்பியிலிருந்து கையை எடுத்தார், நான் ஒன்று ரெண்டு எண்ணினேன், பதினாலு வரைக்கும் நின்றார், பதினஞ்சில் சாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் வரும், அதுக்கப்பறம் கஷ்டம் என்று டேனியல் சார் சொல்வார், ஐயாவுக்கு அஞ்சாவது மாதம் நடக்கிறது. அதில் பத்து நாளை நான் எடுத்துக்கொண்டேன், ஒரே ஒரு வாக்கியத்தில். சரி, நிஜமாகவே அவர் எண்ணெய் என்றால் நான் சொன்னது தப்பில்லை அல்லவா... அதனால்தான் மறுபடி மறுபடி மோந்து பார்க்கிறேன் போலிருக்கிறது. அவர் தைலம் என்றால் கற்பூரம் தூக்குமே, முதல் வாரம் அவரைப் பிடித்து இறக்கிய அன்று ராத்திரி சோறு பிசையும்போது கூட என் கையில் அந்த வாசனை இருந்தது, இதில் கற்பூரமே இல்லை. முட்டி வலியோடு இங்கே வரும் பிரிசில்லா டீச்சர் தடவும் களிம்பு? அது மூக்கை எரிக்கும். இது சாதுவான வாசனை, எங்கேயோ எப்போதும் இருக்கிற வாசனை, குளிரில் உறைகிற எண்ணெய் வேறு, தேங்காய் எண்ணெயாக இருக்குமோ, தலைக்குத் தேய்த்துக்கொண்டு யார் வருகிறார்கள், எல்லோருக்கும்தான் தொப்பி மாட்டி விடுகிறோமே.

பழையதை வெயிலில் சாய்த்து வைத்தேன். கை எரிந்தது, எப்போதும் போலத் துடைத்து, தடவ வேண்டியதைத் தடவிக்கொண்டு, பெட்டியைப் பிரித்தேன். எவ்வளவு வெள்ளை, எடையே இல்லை, மடிப்புகள் நெருக்கமாக இருக்கின்றன, கட்டைவிரலால் ஒரு தடவை கிரிச்சென்று ஓட்டிப் பார்த்தேன், நாலு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கழுவக் கூடாது என்றால் கழுவித்தான் பார்ப்போமே, ஒரு சொம்பு தண்ணீர், யாருக்குத் தெரியப் போகிறது. மெல்ல ஊற்றினேன். துணி தண்ணீரைக் குடித்துச் சாம்பல் நிறமாக மாறிக்கொண்டே வந்தது, அழகாகத்தான் இருந்தது, ஆனால் சில இடத்தில் மாறவில்லை, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விலகி ஓடியது. என்ன இது, தயாரிப்பிலேயே கோளாறா, நயீம் அகமதுக்கு நல்ல கேள்வி கிடைத்தது என்று சந்தோஷமாகக் குனிந்து பார்த்தேன், ஒன்று நீளமாக இழுத்த மாதிரி, அதற்கு எதிர்ப்பக்கம் வரிசையாக நாலு. நாலு. என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. மூக்கருகே கொண்டுபோனேன். யாருடைய உடம்பும் படாத, தொட்டியையே பார்க்காத ஃபில்டரில் அதே சாதுவான வாசனை.

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய், என் இடுப்பில் செருகியிருக்கும் சின்ன டப்பா, அதை எண்ணெய் என்று நான் நினைத்ததே இல்லையே. இங்கே வருவதற்கு முன்னால் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் ஒட்டும் செக்ஷனில் இருந்தேன், மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் சொல்யூஷன் தடவி ஒட்டும் வேலை, கையில் பிடித்தால் தோலோடுதான் வரும், அதனால் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோரும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வோம், மூச்சு விடுவது மாதிரி. க்ளவுஸ் கொடுத்திருந்தார்கள், ஆடிட் என்று சோதனை பண்ண ஆட்கள் வரும் அன்றைக்கு மட்டும் மாட்டுவோம், அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றி டிராயரில் போடுவோம், அதைப் போட்டால் விரலுக்குக் கண் தெரியாது. இங்கேயும் டேனியல் சார் ஒரு டப்பா க்ளவுஸ் கொடுத்தார், அலமாரியில் அப்படியே இருக்கிறது, ஆடிட்டுக்காகக் காத்திருக்கிறதோ என்னவோ. ரெண்டு மாதத்துக்கு முன்னால் ஊறப்போடும் மருந்தை மாற்றினார்கள், காரம் ஜாஸ்தி, கை வெடித்தது, எண்ணெய் தடவினேன், அந்தக் கையோடு ஃபில்டரை மாட்டினேன், அந்தக் கையோடு ஆறு பேரைப் பிடித்து இறக்கினேன், தண்ணீர் கலங்கியது, இன்னும் அடிக்கடி கழுவினேன், கை இன்னும் வெடித்தது, இன்னும் தடவினேன். எவ்வளவு கச்சிதமாகச் சுற்றியிருக்கிறது, வேறொருத்தி செய்திருந்தால் கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்தோம் என்று துள்ளியிருப்பேன். அப்படியென்றால் பழசும் குற்றவாளி இல்லை, புதுசும் ரட்சகன் இல்லை, இந்தக் கையோடு தங்கத்தில் ஃபில்டர் மாட்டினாலும் நாலு நாள்தான்.

அழுகை வந்தது, வெட்கமாக இருந்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் விடை கிடைத்த குளிர்ச்சியும் இருந்தது, அது இருந்ததற்கும் சேர்த்து வெட்கம். உடனே போனை எடுத்தேன், யோசிக்கவே இல்லை, நோயாளிகள் நம்பரெல்லாம் என்னிடம் உண்டு. ஐயாவே எடுத்தார், ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் பேச்சு கொஞ்சம் குழறும். ஐயா, நான் பாக்கியம் பேசறேன், எண்ண உங்களுது இல்லீங்க, என் கையில இருந்த எண்ண, நான்தான் பாக்காம உங்க பேர சொல்லிட்டேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். "இல்லமா, என்னுதாத்தான் இருக்கும்" என்றார். "நாலஞ்சு மாசமா தேச்ச தைலம், உடம்புல ஊறிக் கெடக்கும், வேர்வையோட வருது போல. ஊட்ல சீயக்கா போட்டு ரெண்டு நாளா தேய்க்கறா, முதுகெல்லாம் செவந்து போச்சு. நீ நல்லாத்தானமா கழுவுற, நீ மனசுல வச்சிக்காத." நான் இல்லீங்க ஐயா, இல்லீங்க என்கிறேன், அவர் கேட்பதாக இல்லை, எனக்கு ஆறுதல் சொல்கிறார். "நின்னு பாத்தீங்களா ஐயா, கட்டிலப் புடிச்சினு?" என்று கேட்டேன். "தண்ணி இல்லாம எங்கமா நிக்கறது. திங்கக்கெழம வரட்டுமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் தேச்சிட்டு வரட்டுமா?" என்றார். வாங்க ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன், வரச் சொல்ல நான் யார், சார்கிட்ட கேட்டுட்டு சொல்றேன் என்று வைத்துவிட்டேன்.

டேனியல் சார் அறை குழாயடியிலிருந்து பத்தடி தூரம். கணியம்பாடிக்குப் போன் போட எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, இந்தப் பத்தடி நடக்க முடியாமல் ரெண்டு கையிலும் ரெண்டு ஃபில்டரை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறேன், ஏன்? வேலை போய்விடுமா, போகாது, சார் அப்படிப்பட்டவர் இல்லை, ஆனால் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார், அக்கா, நீங்களா என்று. ஐயாவால் அப்படிப் பார்க்க முடியாது, அவர் பேச்சே குழறுகிறது, அவர் மறுத்துப் பேசமாட்டார், கோபித்துக்கொள்ள மாட்டார், அது எனக்கு வியாழக்கிழமையே தெரியும்... ஆறு பேர் இறங்குகிற தொட்டியில் அவர் பேர் மட்டும் என் வாயில் வந்ததற்குத் தைலம்தான் காரணமா? பழியைப் போட அவரைத் தேர்ந்தெடுத்த அதே காரணத்துக்காகத்தான் உண்மையைச் சொல்லவும் அவரையே தேர்ந்தெடுத்தேனா? உள்ளேயிருந்து டேனியல் சார் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது, "இன்னாக்கா, முடிவு பண்ணிட்டீங்களா, எது?" என்று கேட்டுக்கொண்டே வந்து கதவைத் திறந்தார்.